நாணயத்தில் தமிழ்: மலையகச் சரித்திரம் தரும் பாடம்

சம்பள நாளன்று மாலையில் ஹட்டன் கடைவீதியிலோ தலவாக்கலைச் சந்தையிலோ சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு நாம் சொல்ல வந்த விஷயம் பாதி விளங்கிவிடும். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையொன்று சுருக்குப் பையிலிருந்து ஒரு நாணயத்தாளை எடுத்து நீட்டுகிறது. வாங்குகிறவர் சிங்களவராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை போட்டவராகவும் இருக்கலாம். நீட்டியவரும் வாங்கியவரும் அந்தத் தாளில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை. நிறத்தையும் அளவையும் பார்த்துக் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்தத் தாளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் அச்சாகியிருக்கின்றன. இலங்கை அரசு விடுத்த பத்திரங்களுள் ஒரு தோட்டத் தொழிலாளியின் கைக்குத் தவறாது வந்து சேர்ந்ததும், அவருடைய மொழியைத் தவறாது தாங்கி வந்ததும் இந்த ஒரு பத்திரமே என்று சொன்னால் அது மிகையாகாது.

நாணயத்தில் எந்த மொழிக்கு இடம், எந்த எழுத்து முன்னே, எது பின்னே என்ற விவாதம் உலகின் பல நாடுகளில் எழுந்திருக்கிறது. மொரிஷியஸில் அது நாட்டையே கலக்கியது. இந்தியாவில் நீதிமன்றம் வரை சென்றது. "பசித்தவனுக்குக் காசின் மதிப்புத்தானே முக்கியம், அதன் மேலுள்ள எழுத்தா முக்கியம்?" என்று கேட்டு இவ்விவாதத்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. "எழுத்து இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டு ஓய்ந்துவிடுகிறவர்களும் உண்டு. இவ்விரு சாராருக்கும் மலையகத்தின் சரித்திரம் விடை வைத்திருக்கிறது. அதனை இங்கே சிறிது விரிவாக நோக்குவோம்.

*

நாணயத்தில் எழுத்து என்பது பண்டைக்காலத்திலிருந்தே ஆளுவோர் மொழியை அப்படியே பிரதிபலித்ததில்லை. இடைக்காலத்தில் இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு முதலிய சிங்கள மன்னர்களின் செப்புக் காசுகளில் பெயர்கள் நாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டன. அவர்களுக்கு முன்னோடியாக விளங்கிய இராசராச சோழனின் காசுகளிலும் நாகரி எழுத்தே உண்டு. சிங்கள மன்னனின் காசில் சிங்களம் இல்லை. தமிழ் மன்னனின் காசில் தமிழ் இல்லை! மாறாக, தக்காணத்தை ஆண்ட சாதவாகனர்கள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் தமிழும் இடம்பெற்றன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோ தங்கள் காசில் 'சேது' என்று தமிழிலேயே பொறித்தனர். இதிலிருந்து நாம் அறிவதென்ன? மன்னன் தன் பெருமையைச் சொல்ல விரும்பியபோது அக்காலத்தில் மதிப்புடையதாயிருந்த எழுத்தை நாடினான். காசு யார் கையில் ஓடவேண்டுமோ அவர்களுடைய நம்பிக்கையைப் பெற விரும்பியபோது அவர்களுடைய எழுத்தை நாடினான். நாணயத்தில் எழுத்து இடம்பெறுவதற்கு இவ்விரு காரணங்களும் உண்டு. இவற்றுள் இரண்டாவது காரணமே மலையகத் தமிழரின் கதையில் முக்கியமானது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டிச் சீமையின் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களை உண்டாக்கிய கைகள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவை. திருச்சி, மதுரை, சேலம் முதலிய ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த அம்மக்களில் வழியிலேயே மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை.

இவர்களுக்குக் கூலி கொடுக்கவேண்டும். எந்தக் காசில் கொடுப்பது? இலங்கையில் அப்போது பவுண், ஷில்லிங், பென்ஸ் என்ற ஆங்கிலக் கணக்கு நடைமுறையில் இருந்தது. ஆனால் பஞ்சகாலத்தில் பிள்ளைகுட்டிகளை விட்டு வந்த தொழிலாளிக்கு ஷில்லிங்கை வைத்துக்கொண்டு ஊரில் என்ன செய்ய முடியும்? அவனுக்கு வேண்டியது ஊரில் செல்லும் வெள்ளி ரூபாய். எனவே தோட்டத் துரைமாரின் கூலித் தேவைக்காக இந்திய ரூபாய் பெருவாரியாக இலங்கைக்குள் இறக்குமதியாயிற்று. சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் ஷில்லிங் இருக்க, மலைநாட்டில் ரூபாய் ஓடியது. இறுதியில் சர்க்காரே நடைமுறைக்குப் பணிந்தது. 1869இல் இந்திய ரூபாய் சட்டபூர்வமான நாணயமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1872ஆம் ஆண்டிலிருந்து ரூபாயை நூறு சதமாக வகுத்த தசமக் கணக்கு அமுலுக்கு வந்தது. இந்தியாவே 1957இல்தான் ரூபாயை நூறு காசாக வகுத்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இலங்கை எவ்வளவு முந்திக்கொண்டது என்பது புலப்படும். இந்த மாற்றத்திற்குக் கோப்பித் தொழிலாளியின் கூலி ஒரு முக்கிய காரணம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

புதிய கணக்குக்காக 1870ஆம் ஆண்டு என்று பொறித்து வெளிவந்த செப்புச் சதங்களை நாணயச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் காணலாம். ஒரு புறம் விக்டோரியா மகாராணியின் தலை. மறு புறம் நடுவே பனையினத்து மரமொன்று, சுற்றிலும் ஆங்கிலம், மரத்தின் இரு பக்கங்களிலும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. மொழியுரிமை என்ற பேச்சே எழாத காலம் அது. எந்தக் கட்சியும் கோரவில்லை. எந்தக் கூட்டமும் தீர்மானம் போடவில்லை. ஆயினும் ஏகாதிபத்திய சர்க்கார் தானாகவே தமிழ் எழுத்தைச் சதத்தில் பொறித்தது. வடக்கிலும் கிழக்கிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழருக்கும், மலைநாட்டில் புதிதாகக் குடியேறிய தமிழருக்கும், தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் ஒருங்கே அந்த எழுத்து வேண்டியிருந்தது. அவர்கள் வாங்க மறுத்தால் காசு செப்புத் தகடாகிவிடும்; வாங்கினால்தான் அது காசு. ஆகவே, ஆள்வோன் யாரிடம் தயவு காட்டாவிட்டாலும் காசை வாங்கும் கைக்குச் சற்றேனும் மரியாதை காட்டியே தீரவேண்டியிருந்தது.

அந்த மரியாதை எவ்வளவு தூரம் சென்றது? சதத்தின் விளிம்போடு நின்றுவிட்டது. தமிழெழுத்துப் பொறித்த காசு தொழிலாளியின் கைக்கு நேரே வரவில்லை. கூலி பெரிய கங்காணியின் கைக்குப் போயிற்று. ஊரிலிருந்து அழைத்து வந்தபோது கொடுத்த முன்பணம், வழிச் செலவு, கல்யாணம், கருமாதி எல்லாம் கடனாக ஏறின. மாதந்தோறும் தோட்டத்தில் அளந்த அரிசிக்குக் கூலியில் பிடித்தம். எஞ்சியது கைக்கு வர மாதக்கணக்கில் ஆயிற்று. வேறு தோட்டத்துக்குப் போக நினைப்பவனுக்கு வேண்டியது 'துண்டு'. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானித்தது சதத்தில் இருந்த எழுத்தா, துண்டில் இருந்த எழுத்தா என்று கேட்டால் விடை தெளிவானது. சதத்தை அவன் வாசித்தறியலாம். துண்டையும் செக்ரோலையும் வாசித்தறிய அவனால் முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

காகிதப் பணத்தின் கதையும் இதே மலைநாட்டோடு பிணைந்ததே. அந்நாளில் நோட்டு அடித்தது சர்க்கார் அல்ல, தனியார் வங்கிகள். 1869இல் கோப்பி இலையில் கண்ட நோய் சில ஆண்டுகளில் தோட்டங்களை நாசமாக்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவடைத்தது. அதன் நோட்டை வைத்திருந்தவர்கள் பதறினர். தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்குச் சர்க்கார் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அவ்வாண்டிலேயே நாணயத்தாள் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் சர்க்கார் தாள்கள் புழங்கலாயின. கோப்பி செத்து, அதன் புதைகுழியில் தேயிலை தழைத்தது. தாளோ தனியார் வாக்குறுதி என்ற நிலையிலிருந்து அரசின் வாக்குறுதி என்ற நிலைக்கு உயர்ந்தது. வாக்குறுதி கொடுப்பவன் அதைப் பெறுபவனுக்குப் புரியும்படி கொடுக்கவேண்டும் என்பது நியாயம். நாணயத்தாளில் மக்கள் மொழிகள் இடம்பெறவேண்டும் என்ற கோரிக்கைக்கு இதைவிட வலுவான அடிப்படை வேறில்லை.

*

இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளி விழித்துக்கொள்ளத் தொடங்கினான். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகைகள் நடத்தியும், தொழிற்சங்கம் அமைத்தும், ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு பாடுபட்டார். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத அக்காலத்தில் புடைவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுக்களால் மக்களைத் தட்டியெழுப்பினார். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. அதன்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்தவர்களுக்கு மூன்று விலை! காசில் சிங்களமும் தமிழும் சமமாக நின்றன. காசைச் சம்பாதித்த ஆணும் பெண்ணும் சமமாக நிற்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப்பற்றிக் குறிப்பிடுவது அவசியம். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். "இன்றைக்குப் பேர் விழுந்ததா?" என்றால், செக்ரோலில் இன்றைய வேலை பதிந்து, கூலி உறுதியாயிற்றா என்று பொருள். குறித்த அளவு கொழுந்து நிறுவையில் வராவிட்டால் 'அரைப்பேர்'. மனிதனின் பெயரும் அவன் நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட நிலையை வேறெங்கும் நாம் கண்டதில்லை. அந்தப் பேர் ஆங்கிலத்தில், கணக்கப்பிள்ளையின் கையால், தொழிலாளியின் கண்ணுக்கு எட்டாத ஏட்டில் பதியப்பட்டது. அதற்கு ஈடாகக் கிடைத்த காசில் மட்டும் தமிழ் இருந்தது. அதையும் வாசிக்கக் கற்றவர்கள் லயங்களில் மிகச் சிலரே. மற்றவர்கள் சதுரமான ஐந்து சதத்தைச் சதுரத்தாலும், விளிம்பு வளைந்த பத்துச் சதத்தை வளைவாலும் அறிந்தார்கள். தமிழெழுத்தைப் பொறித்த சர்க்கார் தமிழெழுத்தைக் கற்பிக்க அதே அக்கறை காட்டவில்லை.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது சில்லறைக்குப் பதிலாகச் சிறு தாள்கள் வெளியாயின. 1942இல் வந்த ஐந்து சதத் தாளை நடுவே கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம். சில்லறைக்கே அத்தனை பஞ்சம். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். போலீசாரின் துப்பாக்கி கோவிந்தன் என்னும் தொழிலாளியின் உயிரைப் பறித்தது. சில சதங்களுக்காக விழுந்த உயிர் அது.

*

சுதந்திரம் வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நுவரெலியாவுக்குச் சௌ. தொண்டமான் தெரிவானார், தலவாக்கலைக்குக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தெரிவானார். இடதுசாரிகளுக்கும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வலுவூட்டின. ஆளும் வர்க்கம் அஞ்சியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அம்மக்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கான சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பம் செய்தனர். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட பின் ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிட்டியது. பிறப்புப் பத்திரம் எங்கே, வசித்ததற்குச் சான்று எங்கே, வருமானத்துக்குச் சான்று எங்கே என்று லயக்காம்பராவில் பிறந்தவர்களிடம் கேட்டார்கள்.

இதே காலத்தில்தான் இலங்கையின் நாணயம் முழுச் சுதந்திரம் பெற்றது என்பதைக் கவனிக்கவேண்டும். 1950 ஆகஸ்ட் மாதம் மத்திய வங்கி தோன்றியது. 1951இல் அதன் முதல் தாள்கள் வெளிவந்தன. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியைத் தேயிலை ஈட்டித் தந்த காலம் அது. அந்த நாணயத்துக்கு உலகச் சந்தையில் மதிப்பளித்தது கொழுந்துக் கூடை. கூடை சுமந்தவர்கள் நாடற்றவர்கள். அவர்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை; பிரசைகளின் பதிவேட்டில் இல்லை. அவர்களுடைய மொழி மட்டும் அவர்கள் உழைப்பால் மதிப்புப் பெற்ற தாளில் இருந்தது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களமே இந்நாட்டின் ஒரே அரசகரும மொழி என்று அது விதித்தது. கச்சேரிக் கடிதங்கள் சிங்களமாயின. உத்தியோகத்துக்குச் சிங்களம் கட்டாயமாயிற்று. ஆனால் நாணயத்தாளிலிருந்து தமிழ் நீங்கவில்லை. இராணியின் தலையை நீக்கி 1963இல் வெளியிட்ட புதிய நாணயக் குற்றிகளிலும் சிங்களத்தோடு தமிழும் ஆங்கிலமும் நின்றன. இது ஏன்? சட்டம் ஆணையிடும் மொழியைப் பற்றியது. காசோ ஆணையிட்டு ஓடுவதில்லை, நம்பிக்கையால் ஓடுகிறது. ஒரு மக்கட் கூட்டத்தின் வாக்கு இன்றி அரசு நடத்தலாம் என்று கண்டவர்கள், அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் இன்றிச் சந்தை நடத்த முடியாது என்பதையும் கண்டிருந்தார்கள்.

எழுத்தின் பெயரால் மலையகத்தில் இரத்தம் சிந்தியதும் இக்காலத்தில்தான். மோட்டார் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் புகுத்தியதை எதிர்த்து 1958இல் தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கில் கிளர்ச்சி தொடங்கியது. அது மலைநாட்டுக்கும் பரவியது. பெயர்ப் பலகைகளிலும் வாகனங்களிலும் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் பொகவந்தலாவையில் போலீசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் மாண்டனர். அந்த இருவரின் வர்க்கத்தில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர் யார்? ஒருவருமில்லை. வாக்குரிமை உடையவர்களும் மிகச் சிலரே. பின் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள்? 'எழுத்துக்காகப் போராடுவது படித்தவர்களின் பொழுதுபோக்கு. உழைப்பாளிக்கு அரிசி போதும்' என்று பேசும் பண்டிதர்களுக்குப் பொகவந்தலாவை பதில் சொல்லிவிட்டது. அரசின் கண்ணுக்கு நாங்களும் மனிதராகத் தெரியவேண்டும் என்ற தாகம் உழைப்பாளிக்கும் உண்டு. மறுக்கப்பட்டவர்களுக்கு அது மிக அதிகமாகவே உண்டு.

*

1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 மனிதரைக் கணக்குப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் என்று இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. ஐந்து சதத் தாளைக் கிழித்ததுபோல் குடும்பங்களைக் கிழித்தார்கள். கப்பலேறியவர்கள் தமிழ்நாட்டில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் மறுபடியும் கூடை சுமந்தனர். 'தாயகம்' வந்தவர்களை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். அங்கே கையில் கிடைத்த நோட்டில் இந்தியும் ஆங்கிலமும் பெரிதாக நிற்க, தமிழ் ஒரு பத்தியில் பல மொழிகளுக்கிடையே சிறு வரியாக இருந்தது.

இங்கே தங்கியவர்களின் நிலை என்ன? நாணயத்தில் தமிழ் இருந்த அதே நாட்டில், தேசிய அடையாள அட்டையில் வடக்கு கிழக்குக்கு வெளியே நெடுங்காலம் சிங்களம் மட்டுமே இருந்தது. 2010க்குப் பிந்திய ஆண்டுகளில்தான் இரு மொழி அட்டை பொதுவாயிற்று. நுவரெலியாவில் பிறந்த தமிழர் ஒருவர் தம் பெயரைத் தம் அட்டையில் தாமே வாசிக்க முடியாதிருந்தார். வீதித் தடையில் நிறுத்தியவர் அதை வாசித்தார். நிற்பவர் ஊமையாக நின்றார். நூறு ரூபாய்த் தாளைப் பார்க்க அவருக்கு இருந்த வசதி தம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்க இல்லை. காசுக்குக் கொடுத்த மரியாதையை அரசு மனிதனுக்குக் கொடுக்கத் தயங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் பெரும்பாலோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. இடையில், 1991இல் வெளிவந்த நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் அச்சிடப்பட்டது. எழுத்துக்குப் பிறகு உருவமும் தாளில் ஏறிவிட்டது! அந்த அழகிய படத்தை அச்சிட்ட ஆண்டில் அவர்களுள் பிரசாவுரிமைக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த லயம் வெள்ளைக்காரன் காலத்து லயமாகவே இருந்தது.

*

இனி வெளியுலகைச் சிறிது நோக்குவோம். மலைநாட்டுக்கு வந்ததுபோலவே மொரிஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் சென்றனர். அதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்று போர்ட் லூயி நகரை எழுப்பத் துணைசெய்தார்கள். அந்நாட்டு நாணயத்தாளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசை நிலவியது. 1998இல் அந்நாட்டு மத்திய வங்கி வெளியிட்ட புதிய தாள்களில் இந்தி இரண்டாவதாகவும் தமிழ் மூன்றாவதாகவும் மாறின. இந்தியர்களுள் தமிழர் சிறுபான்மையோர். "முதலில் வந்தவர்கள் நாங்கள், எங்கள் இடத்தை ஏன் மாற்றினீர்கள்?" என்று அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசு பணிந்தது. அச்சடித்த தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையிலேயே புதுத் தாள்கள் வந்தன.

இந்தியாவில் அரசியல் நிர்ணய சபை 1949இல் எண்களைப் பற்றி நெடுநேரம் போராடி, அரச காரியங்களுக்குச் சர்வதேச வடிவ எண்களே என்று முடிவு செய்தது. 2016 நவம்பரில் வெளிவந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் தேவநாகரி எண்களும் இடம்பெற்றபோது, அது அந்த முடிவுக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டது. அந்த நோட்டு 2023இல் புழக்கத்திலிருந்து மீட்கப்பட்டுவிட்டது. அது எழுப்பிய கேள்வி மீட்கப்படவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தமிழர் கேட்டது நியாயமே. மக்களின் பொதுச் சொத்தான நாணயத்தில் ஒரு மொழியை இருந்த இடத்திலிருந்து சத்தமின்றி நகர்த்துவது, அம்மொழி பேசுவோரை நகர்த்துவதற்கு ஒத்திகையாகலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மொரிஷியஸில் இந்தியும் தமிழும் முன்பின் என்று மோதிய அந்தத் தாள்களில், அந்நாட்டு ஏழைமக்கள் யாவரும் வீட்டிலும் வயலிலும் பேசும் கிரியோல் மொழிக்கு இடமே இல்லை. வரிசைக்காகப் போராடுகிறவர்கள் வரிசைக்கு வெளியே நிற்பவர்களையும் நினைக்கவேண்டும். மலையகத் தமிழரைப் பற்றி வடக்கின் தலைவர்களிற் பலர் 1948இல் நினைக்கத் தவறினார்கள். அக்குற்றத்தின் பலனை எல்லோருமே பின்னர் அனுபவித்தோம்.

*

நாம் கூறவந்ததை இப்போது தொகுத்துக் கூறலாம். மலையகத் தமிழனின் எழுத்து நாணயத்தில் ஏறியது அவன் பெற்ற உரிமையால் அல்ல, அவன் உழைப்பு தேவைப்பட்டதால். தேவை தொடர்ந்தது; எழுத்தும் தொடர்ந்தது. வாக்குரிமை பறித்த நாளிலும், தனிச் சிங்களச் சட்டம் வந்த நாளிலும், கப்பலேற்றிய நாளிலும், யுத்தம் மூண்டு நாடு இரண்டாகப் பிளந்து நின்ற ஆண்டுகளிலும்கூட ஒரே தாளே எல்லாப் பக்கமும் ஓடிற்று. அதில் தமிழ் இருந்தது. ஆகவே, நாணயத்தில் எழுத்து இருப்பதை உரிமைக்குச் சான்றாகக் காட்டி எவரும் நம்மை ஏமாற்ற இடங்கொடுக்கலாகாது. அதேவேளை, அந்த எழுத்தை அற்பமென்று விட்டுவிடவும் கூடாது. ஏனெனில் அது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். இந்த மொழி பேசுவோரின்றி இந்த நாட்டின் பொருளாதாரம் ஓடாது என்று அரசு ஒவ்வொரு தாளிலும் தன் கையொப்பத்தோடு ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டதை மற்ற ஏடுகளிலும் நிறைவேற்று என்று கேட்பதே நம் வேலை.

அந்த ஏடுகள் எவை? சம்பளச் சீட்டு, போலீஸ் நிலையத்தில் எழுதும் முறைப்பாடு, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்துக் குறிப்பு, பிரதேச செயலகத்தின் படிவம், காணி உறுதி. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பிரகடனம் ஏட்டில் இருந்தால் போதாது. தமிழில் கேட்டால் தமிழில் பதில் எழுதும் உத்தியோகத்தர் மேசைக்கு அப்பால் இருக்கவேண்டும். சிங்களக் கிராமத்து ஏழைக்கும் தன் மொழியில் விளங்காத ஆங்கிலப் பத்திரங்கள் எத்தனையோ உண்டு. அவனும் நம்மோடு சேர்ந்து கேட்கவேண்டிய கோரிக்கை இது. இரு மொழிகளும் ஒரே தாளில் அருகருகே நின்று சண்டையின்றி நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்திருக்கின்றன. அவற்றைப் பேசுவோர் ஒரே நாட்டில் அவ்வாறு வாழ முடியாது என்று யார் சொல்வது?

2015ஆம் ஆண்டிலிருந்து மலையகத் தொழிலாளர் நாளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராடினர். ஒரு நாள் உழைப்புக்கு ஒரு தாள். ஆறாண்டுகள் தெருவில் நின்றபின், 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர் 360 ரூபாயைத் தொட்டது. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத உயரத்துக்குப் போயின. கையில் ஆயிரம் ரூபாய்த் தாள் இருந்தது. அதில் 'ஆயிரம்' என்ற தமிழ்ச் சொல்லும் பிழையின்றி இருந்தது. அந்தச் சொல்லின் பொருள்தான் பாதியாகிவிட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. போராட்டம் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

எழுத்தும் வேண்டும், எழுத்துக்கு மதிப்பும் வேண்டும், மதிப்பை ஈட்டியவரின் பெயர் நாட்டின் ஏட்டில் முழுப்பேராகப் பதியவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்றைக் கொடுத்து மற்ற இரண்டை மறந்துவிடச் சொல்லும் எவருடைய பேச்சையும் மலையகம் இனி ஏற்காது. அரைப்பேர் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய காலம் முடியட்டும்.